கண் திறக்காத படம்

உடையவர் துணை
பென்னலூர்
9.6.2024, ஞாயிறு

தங்கை எழிலரசிக்கு அக்கா கனகலட்சுமி எழுதிக்கொள்வது.

இன்று காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை நம் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: உன் மாமா, நான், எங்கள் கவியா, மாமாவின் அண்ணன் சின்னப்பையன், பூ கொடுக்க வந்து அப்படியே நின்றுவிட்ட செல்லம்மாள், படம் வரைகிற கன்னியப்பன். ஆக ஆறு பேர். வேறு யாரும் இல்லை. இதை எதற்கு முதலில் எழுதுகிறேன் என்றால், பேசின பேச்சு யார் யார் காதில் விழுந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

உன் முழங்கால் வலி தேவலையா? மாப்பிள்ளையும் உன் பெண் சுகப்பிரியாவும் சௌக்கியமா? இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம்.

வாரா வாரம் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். என் போன் கவியா கையில்தான் இருக்கிறது. வருவதைப் படித்துச் சொல்வதும் அவள்தான், என் பதிலைத் தட்டி அனுப்புவதும் அவள்தான். பேசலாம் என்றால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அதனால்தான் போஸ்ட் ஆபீஸ். நீ பதில் எழுதினால் செல்லம்மாள் பெயருக்கு அனுப்பு. முகவரி பின்னால் இருக்கிறது. அவளுக்கு எழுத்து தெரியாது, கேள்வியும் கேட்க மாட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மண்ணூர் நிலத்தை விற்று மூன்று மாடி ஹாஸ்டல் கட்டினதிலிருந்து உன் மாமாவுக்கு வீட்டில் ஏதோ குறைகிற மாதிரியே இருந்தது. ஒரகடத்தில் ஒருவர் வீட்டு ஹாலில் குடும்பத்தையே ஆயில் பெயிண்டில் வரைந்து ஆறடிக்கு மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். நமக்கும் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். போட்டோ எடுத்துப் பெரிசாக்கினால் போதாதா என்று கேட்டேன். "போட்டோ எவன் வோணா எடுத்துக்குவான். ஒக்காந்து வரையணும், அதான் மரியாதி" என்றார்.

கன்னியப்பன் காஞ்சிபுரத்துக்காரர். கோவில் வாகனங்களுக்கு வர்ணம் அடித்துப் பழகிய கை. இப்போது ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜில் தங்கி, நிலம் விற்ற வீடுகளாகப் பார்த்து வரைகிறார். கவியாவுக்குக் கம்பெனி லீவு ஞாயிறு என்பதால் அன்று மட்டும் வருவார். முதலில் உடம்பு, துணி, நகை. பிறகு முகம். கண்ணை மட்டும் கடைசியில் நாள் பார்த்துத்தான் திறப்பாராம், சாமிக்குத் திறக்கிற மாதிரி. நல்ல மனிதர்தான். வாய்தான் சும்மா இருக்காது.

இன்று கரிக்கோட்டில் முகங்களைப் போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "ஐயா மூஞ்சி வந்துடுச்சி, அம்மா மூஞ்சி வந்துடுச்சி. பாப்பா மூஞ்சி மட்டும் இந்த ரெண்டுலயும் சேரமாட்டேங்குதே. யார் ஜாடைம்மா?" என்றார்.

உன் மாமா வெகு சாதாரணமாக, "அது அவுங்க சித்தி ஜாடை. அமெரிக்காவுல கீறாங்க" என்றார். அவர் அண்ணனும் ஆமாம் என்று தலையாட்டினார். "அப்ப அவுங்களையும் பக்கத்துல நிறுத்திடலாம்யா, நல்லா எடுப்பா இருக்கும்" என்று கன்னியப்பன் சொல்ல, கவியா கை தட்டினாள்.

உன் போட்டோ கேட்டு மாமா பேசுவார். எதையாவது சொல்லித் தட்டிக் கழி. நீயும் அவளும் ஒரே சுவரில் ஆறடிக்கு நிற்பதை வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். அவளும் தினம் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் கேட்பாள். தை மாசம் சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்துப் படத்தை மாட்டப் போகிறாராம். எனக்கு இப்போதே தூக்கம் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
கனகலட்சுமி


மாசசூசெட்ஸ்
2.7.2024

அன்பான அக்காவுக்கு எழில் எழுதுவது.

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது! எட்டாவதோடு நின்றவள் எழுத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முழங்கால் பரவாயில்லை. நின்றுகொண்டே பார்க்கிற வேலை, வலிக்கத்தான் செய்யும். உன் வீட்டுத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் எனக்கு இங்கே ராத்திரி.

நீ சொன்னபடியே செய்கிறேன். மாமா கேட்டால், படம் வரைந்தால் ஆயுசு குறையும் என்று பயம் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருந்துகொண்டு இப்படியா என்று சிரிப்பார். சிரிக்கட்டும்.

நான் வேலை பார்க்கிற சின்ன மியூசியத்தைப் பற்றி உன்னிடம் சரியாகச் சொன்னதில்லை. யாரும் படங்களைத் தொடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்குக் கொடுத்திருக்கிற அறையில் இந்த நாடு உண்டான காலத்துப் பணக்காரக் குடும்பங்கள் இருக்கின்றன. கப்பல் வியாபாரம், மர வியாபாரம் பண்ணியவர்கள். பணம் வந்ததும் அவர்களுக்கும் மாமாவுக்கு வந்த ஆசைதான் வந்திருக்கிறது. ஓவியர்கள் ஊர் ஊராகப் போவார்களாம். கடைக்குப் பெயர்ப் பலகை எழுதுவார்கள், வண்டிக்கு வர்ணம் அடிப்பார்கள், அதே கையால் முகமும் வரைவார்கள். வீட்டுக்காரர் முன்னால் கணக்குப் புத்தகம் திறந்திருக்கும். பின்னால் ஜன்னலில் அவருடைய கப்பல் தெரியும். இதை மாமாவிடம் சொல்லிவிடாதே, ஹாஸ்டலை ஜன்னலில் வரையச் சொல்வார்.

செத்துப்போன பிள்ளைகளைக்கூடச் சில படங்களில் சேர்த்து வரைந்திருக்கிறார்கள், அக்கா. உயிரோடு இருக்கிற அண்ணன் தம்பிகளுக்கு நடுவில், அதே பட்டுச் சட்டையோடு. கையில் மட்டும் காம்பு ஒடிந்த பூ. நேற்று அந்தப் படத்துக்கு எதிரில் உன் கடிதத்தைப் படித்தேன். குடும்பப் படத்தில் இருப்பதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எனக்குத்தான் இடமில்லை.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீங்கள் அப்போது குடியிருந்த ஓசூரில், நாற்பதாம் நாள் அவளை உன்னிடம் விட்டுவிட்டு பஸ் ஏறியவள் நான். ஊரில் எல்லோரும் அவள் உனக்கு அங்கே பிறந்தவள் என்றே நினைத்தார்கள். கேட்க எனக்கு வாயில்லை. பெற்றவள் என்று யார் முன்னாலும் வந்து நிற்கப் போவதும் இல்லை. வருகிற ஆவணியில் அவளுக்கு இருபத்திரண்டு முடிகிறது. அதை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

உன் தங்கை
எழில்


உடையவர் துணை
பென்னலூர்
28.7.2024, ஞாயிறு

அன்புத் தங்கை எழிலுக்கு ஆசீர்வாதம்.

கடிதம் செல்லம்மாள் பூக்கூடையில் தாமரை இலைக்கு அடியில் வந்து சேர்ந்தது. உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய். அங்கே கிடைக்காவிட்டால் எழுது. எனக்குக் கொஞ்சம் வயிற்றுப் பொருமல், சீரகத் தண்ணீர் குடிக்கிறேன்.

ஆடி பிறந்ததால் படத்து வேலை நின்றிருக்கிறது. ஆடியில் முகம் எழுத மாட்டேன் என்று கன்னியப்பன் காஞ்சிபுரம் போய்விட்டார். பட்டுப் புடவை, வேட்டி, நாற்காலி எல்லாம் முடிந்துவிட்டது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கோடு மட்டும் இருக்கிறது. விளக்கு வைக்கும்போது அந்தப் பக்கம் திரும்பாமல் வைக்கிறேன். ஹாஸ்டலை ஜன்னலில் வரைய நீ சொல்லித் தர வேண்டியதே இல்லை, மாமா முதல் வாரமே சொல்லிவிட்டார். மூன்று மாடியும், மொட்டை மாடித் தண்ணீர் டேங்கும். "கொடியில பசங்க ஜட்டி காயறதையும் போடச் சொல்லுப்பா, அப்பத்தான் நம்ம ஹாஸ்டல்னு தெரியும்" என்று கவியா கிண்டல் பண்ணினாள்.

ஆயுசு குறையும் என்று நீ சொன்னதை மாமா ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பரணில் இருந்து உன் கல்யாண ஆல்பத்தை இறக்கிவிட்டார். தாலி கட்டி முடிந்து நீ பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கிற போட்டோ இருக்கிறதல்லவா, அதை உருவிக் கன்னியப்பன் கையில் கொடுத்திருக்கிறார். உனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. போட்டோவை நான் பார்த்தேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

அன்று ராத்திரி மாமாவிடம் மெதுவாக, இது சரியாங்க, ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருப்பாங்களே என்றேன். "இருந்தா இன்னா? சித்தி ஜாடை வர்றது ஊர்ல இல்லாததா?" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். நடிக்கவில்லை, எழில். அவருக்கு நிஜமாகவே மறந்துபோய்விட்டது. அவள் எங்கேயிருந்து வந்தாள் என்பது அந்த மனிதர் மனசிலேயே இல்லை. அந்த மறதியை எனக்குக் கொடுக்கவில்லையே என்று உடையவரிடம் கேட்டுக்கொண்டேன்.

ஆவணி மூலத்தன்று கவியா பெயருக்கு அர்ச்சனை கொடுத்திருக்கிறேன்.

அக்கா


மாசசூசெட்ஸ்
17.8.2024

அன்பான அக்காவுக்கு,

வயிற்றுப் பொருமல் நின்றதா? காப்பியைக் குறைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜாடையைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. எங்கள் அறையில் ஒரு படம் இருக்கிறது. அப்பா, அம்மா, ஐந்து பெண்கள். எல்லோருக்கும் ஒரே நீள மூக்கு, ஒரே சின்ன வாய். அப்பாவுக்கும் அதே மூக்கு. அந்த ஓவியருக்கு ஒரு முகம்தான் வரும் போலிருக்கிறது என்று எங்கள் மேடம் சிரிப்பார். அந்த ஐந்தில் கடைசிப் பெண் அந்த வீட்டில் பிறந்தவள் இல்லை, அம்மாக்காரியின் தங்கை மகள். படத்தைப் பார்த்தால் தெரியாது. கீழே ஒட்டியிருக்கிற சீட்டில் எழுதியிருக்கிறது. கூட்டம் வருகிற நாளில் சில சமயம் நான் அந்தச் சீட்டை மறைத்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது நான் கேட்கப் போவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் ஸ்ரீபெரும்புதூர் உடையவர் சன்னதியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, பதினெட்டு வயசு ஆனதும் அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்றாய். நான் கேட்ட சத்தியம் இல்லை அது. நீயாகச் சொன்னது. நாலு வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் அவள் 'சித்தி' என்று கூப்பிடும்போது, சொல்லிவிட்டாயோ என்று அவள் முகத்தைப் பார்க்கிறேன்.

நீ எதையும் கேட்டு வாங்கியவள் இல்லை. அவளையும் நீ கேட்கவில்லை. ரெண்டாவதும் பெண்ணா என்று என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விசா வந்துவிட்டது, கைக்குழந்தையோடு எப்படி என்று இவர் நச்சரித்தார். நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து உன் மடியில் போட்டேன். நீ அழுதுகொண்டே, வேண்டாம் எழில், பின்னால் வருத்தப்படுவே என்றுதான் சொன்னாய். அந்த வார்த்தையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

எழில்


உடையவர் துணை
பென்னலூர்
8.9.2024, ஞாயிறு

எழிலுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒன்று கிடைத்தது. ஐந்து பெண்களுக்கும் அப்பாவின் மூக்கை வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். கன்னியப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, கவியாவுக்கு அவள் அப்பாவின் மூக்கை வைத்துவிடுங்கள், வாயையும் கொஞ்சம் என் பக்கம் திருப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். யோசித்தார். "செய்யலாம்மா. நெறைய வூட்டுல கேக்கறதுதான். மருமவளைக்கூட மவ மாதிரி போடச் சொல்லுவாங்க" என்றார். கவியா பார்க்காமல் இருக்க, முடிகிற வரைக்கும் படத்தைத் துணி போட்டு மூடி வைக்கச் சொன்னேன். இனி நீ அதில் நின்றாலும் எனக்குப் பயமில்லை.

சத்தியத்தைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகப்படுத்த ஆள் வேண்டாம். அவளுக்கு டைபாய்டு வந்து பதினோரு நாள் கிடந்தபோது ஞாபகம் இருந்தது. அவள் பெரியவளான அன்றும் இருந்தது. கம்பெனி பஸ் வர நேரமாகும் ஒவ்வொரு ராத்திரியும் இருக்கிறது. நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற மாதிரி இருக்கிறது.

அக்கா


உடையவர் துணை
பென்னலூர்
13.10.2024, ஞாயிறு

அன்புத் தங்கை எழிலுக்கு அக்கா எழுதுவது.

உடம்புக்கு ஒன்றுமில்லையே? போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் நீ வீடியோவில் வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் வந்து, வேலை என்றார். ஞாயிறு உனக்கு மத்தியானம்தானே வேலை? கவியா கேட்டாள், சித்திக்கு நம்ம மேல கோபமா என்று. அதெல்லாம் இல்லை என்றேன்.

கடிதம் போய் வர நாளாகும் என்று தெரியும். இருந்தாலும் செல்லம்மாள் தெரு முனையில் வரும்போதே அவள் கூடையைத்தான் பார்க்கிறேன். இல்லக்கா என்று தூரத்திலேயே தலையாட்டிவிடுகிறாள்.

புரட்டாசி சனிக்கிழமை நாலும் விரதம் முடித்துப் பெருமாளுக்குத் தளிகை போட்டேன். உன் பங்குக்கு ஒரு இலை போட்டுப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தேன். போன கடிதத்தில் கடைசி வரியை வேகத்தில் எழுதிவிட்டேன். நீ சாப்பிட்டுத் தூங்கினால் சரி.

அக்கா


மாசசூசெட்ஸ்
19.10.2024

அக்காவுக்கு,

செப்டம்பர் கடிதம் வந்தது. நான் நலம்.

உன் கடிதத்தை நான் மேசை மேல் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சுகப்பிரியா பார்த்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்று நினைத்திருந்தேன். கடைசி வரியை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். எதைக் கொடுத்தீர்கள், எதைத் திரும்பக் கேட்டீர்கள் என்று கேட்டாள். ரெண்டு நாள் மழுப்பினேன். மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரு தங்கை இருப்பதை இருபத்தைந்து வயசில் தெரிந்துகொண்டாள். என்னோடு சரியாகப் பேசுவதில்லை. வீடியோவில் நான் வராததற்கும் அதுதான் காரணம், உன் மேல் கோபம் இல்லை.

கவியாவுக்கு இன்ஸ்டாகிராமில் எழுதப் போகிறேன் என்கிறாள். அழுது காலைப் பிடித்து, தை வரைக்கும் பொறு என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நான் எதையும் திரும்பக் கேட்கவில்லை, அக்கா. ஆனால் கவியாவுக்கு இது ஒரு போனில் மூன்றாவது மனுஷி மாதிரி ஒருத்தியிடமிருந்து வந்துவிடக் கூடாது. நீ சொல்ல வேண்டும். நீ மட்டும்தான் சொல்ல வேண்டும்.

எழில்


உடையவர் துணை
பென்னலூர்
17.11.2024, ஞாயிறு

அன்புத் தங்கை எழிலுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் முந்தின வார வெள்ளிக்கிழமை ஐப்பசி மழையில் நனைந்து வந்தது. சனிக்கிழமை முழுக்க, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஞாயிறு காலை உன் மாமா ஹாஸ்டலில் மோட்டார் ரிப்பேர் என்று போய்விட்டார். கன்னியப்பன் வந்து துணியை விலக்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த கவியா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள், படத்துக்கு எதிரில் நின்றுவிட்டாள்.

"இன்னா அங்கிள், இது யார் மூக்கு?" என்று கேட்டாள்.

"அம்மாதான் பாப்பா, அப்பா மூக்கு வைக்கச் சொன்னாங்க. எனக்கு இன்னா, சொல்றதைச் செய்யறவன்."

அவர் கிளம்புகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.

"எம்மா, என் மூக்கு உன்னை இன்னாம்மா பண்ணிச்சி?"

சிரித்து மழுப்பிப் பார்த்தேன். அப்பா மாதிரி இருந்தால் அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றேன். அவள் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவள், தெரியுமல்லவா, அளவு சரியில்லாததை விட மாட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"சித்தி ஜாடைன்னு அப்பாவே அத்தினி பேர் எதிர்ல சொன்னாரு. பெரியப்பா தலையாட்டினாரு. யாரும் ஒண்ணும் நெனைக்கல. நீ ஒருத்திதான் பயந்துகினு அழிக்கச் சொல்லியிருக்கே. எதுக்கு?"

அவள் கேட்டது சரிதான் என்று அப்போதுதான் உறைத்தது. நான் சும்மா இருந்திருந்தால் அந்தப் படம் சும்மா ஒரு படமாகத் தொங்கியிருக்கும். நானே போய் அதில் கை வைத்து அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

சொல்லிவிட்டேன். நின்றபடியே சொன்னேன். உலை கொதித்து வழிந்தது. அவள்தான் கை நீட்டி அடுப்பை அணைத்தாள். பெற்றது சித்தி என்றதும் என்னைப் பார்க்கவில்லை, கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும், ஆனால் மறந்துவிட்டார் என்றேன். அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் மாமா வந்து விஷயம் தெரிந்ததும், "அதை ஏண்டி இப்ப எடுத்தே" என்று சுவரோரம் உட்கார்ந்தார். வெகு நேரம் எழுந்திருக்கவே இல்லை.

இந்த ஒரு வாரமாக டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள், வருகிறாள். அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு கணம் நிற்கிறாள். அந்த ஒரு கணத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது நான் கேட்பதை நீ செய்ய வேண்டும். என்னை ஏன் உனக்குக் கொடுத்தார்கள் என்று அவள் கேட்டாள். பிள்ளை இல்லாமல் எட்டு வருஷம் இருந்தேன், நான்தான் உன் சித்தி காலில் விழுந்து கேட்டு வாங்கினேன், அவள் கொடுக்க மனசில்லாமல்தான் கொடுத்தாள் என்று சொல்லியிருக்கிறேன். தன்னை ஒருத்தி வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனாள் என்று அவள் நினைக்கக் கூடாது. ஒருத்தி வேண்டும் என்று அழுதாள் என்று நினைக்கட்டும். நீயும் இதையே சொல். பொய்தான். உடையவர் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். சுகப்பிரியாவிடமும் சொல்லி வை.

அக்கா


பென்னலூர்
1.12.2024

சித்திக்கு, கவியா எழுதுவது.

நீங்களும் சித்தப்பாவும் சுகப்பிரியா அக்காவும் நலமா? அப்பாவும் அம்மாவும் நலம். அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, திட்டிச் சாப்பிட வைக்கிறேன்.

நான் தமிழில் கடிதம் எழுதி ரொம்ப நாள் ஆகிறது, தப்பு இருந்தால் மன்னியுங்கள். முகவரியை செல்லம்மாள் அக்காவிடம் இருந்த பழைய கவரில் பார்த்து எழுதிக்கொண்டேன். நீங்கள் அம்மாவுக்கு எழுதியவை எல்லாம் பூஜை அலமாரியில் விஷ்ணு சகஸ்ரநாமப் புத்தகத்துக்கு அடியில் இருக்கின்றன. அலமாரிக்குப் பூட்டு கிடையாது. அம்மா கோவிலுக்குப் போன நேரத்தில் ரெண்டு தடவை அவற்றைக் கையில் எடுத்தேன். பிரிக்காமல் வைத்துவிட்டேன். அவை எனக்கு எழுதியவை இல்லை. எனக்குத் தெரிய வேண்டியதை நான் நேராகவே கேட்கிறேன்.

அம்மாதான் உங்கள் காலில் விழுந்து என்னைக் கேட்டு வாங்கியதாகச் சொல்கிறாள். அம்மா பக்கத்து வீட்டில் கொத்து கறிவேப்பிலைகூடக் கேட்டதில்லை. ரசத்தில் போடாமலே விட்டுவிடுவாள். போன வருஷம் அப்பா வளையல் வாங்கித் தருகிறேன் என்றபோது, எனக்கு எதற்கு என்றாள். அப்படிப்பட்டவள் ஒரு குழந்தையைக் கேட்டிருப்பாளா?

கேட்டிருந்தால், அவள் வாழ்க்கையில் கேட்டு வாங்கிய ஒரே பொருள் நான்தான். கேட்காமல் நீங்களே கொடுத்திருந்தால், அதற்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். எதுவாக இருந்தாலும் நான் வேலைக்குப் போவேன், சாப்பிடுவேன், இவளைத்தான் அம்மா என்று கூப்பிடுவேன். அதில் மாற்றம் இல்லை. உங்கள் மேல் சண்டைக்கும் வரவில்லை. ஆனால் எது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. கம்பெனி லைனில் நிற்கும்போது இதுவே ஓடுகிறது. போன வாரம் நாற்பது பீஸைப் பார்க்காமலே தள்ளிவிட்டு சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன்.

கன்னியப்பன் அங்கிளிடம் சொல்லி என் மூக்கைப் பழையபடி வைக்கச் சொல்லிவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தடுக்கவில்லை. உங்களை இன்னும் வரையவில்லை. படத்தில் ரெண்டு இடம் விட்டு வைத்திருக்கிறார். ஒன்று அம்மாவுக்கு அந்தப் பக்கம், அம்மாவின் தங்கையாக. இன்னொன்று எனக்கும் அம்மாவுக்கும் நடுவில். எங்கே நிறுத்தட்டும் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். சித்தி லெட்டர் வரட்டும், படிச்சிட்டுச் சொல்றேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தை ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கண் திறக்க நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் உங்கள் முகத்தை முடிக்க அவருக்கு ஒரு ஞாயிறாவது வேண்டுமாம். கடிதம் வந்து சேர மூன்று வாரம் ஆகிறது. போன் வேண்டாம், அம்மா சொல்லித் தந்த மாதிரியும் வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புங்கள்.

கவியா